சாரலில் அச்சாகும் வாழ்த்து

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், அதை உடனே உணர்ந்துகொள்ளும் பொருள்களில் ஒன்று தாள். மேசைமேல் தட்டையாகக் கிடந்த கெட்டி அட்டை சிறிது நேரத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். பசை தடவிய உறைகள் யாரும் ஈரம் தொடாமலே மூடிக்கொள்ளும். ஸ்டாம்ப் பேடு காயவே காயாது. கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்களிடம் ஆனியும் ஆடியும் ஆவணியும் நிறையப் பொறுமையைக் கேட்கும். ஆனால் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு துண்டுத் தாளும் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல பருவம் வேறில்லை.

அட்டை செய்யும் மேசையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே பொருள்கள். இரண்டுமே செடிகொடிகள் தந்தவை. ஒன்று மரத்தின் பாலில் பிறந்த ரப்பர். அது தண்ணீரைத் தன்மேல் ஒட்டவிடாது. மற்றொன்று நார்க்கூழில் பிறந்த தாள். அது எங்கே ஈரம் கிடைத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே மை நிற்கிறது. ரப்பர் வைத்துக்கொள்ள விரும்பாததைத் தாள் வாங்கிக்கொள்கிறது. ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்று ஒரு அட்டையில் பதியும்போது நடப்பது இந்தக் கைமாற்றம்தான்.

இந்த இரண்டு பொருளும் தென்காசிக்கு வெகு தொலைவிலிருந்து வந்தவை அல்ல. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கினால் புனலூர். மலையில் அடர்ந்து வளரும் ஒல்லியான நாணல் மூங்கிலைக் கூழாக்கித் தாள் செய்த ஆலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே வந்துவிட்டது. கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாறி முழுமையாக ஓடத் தொடங்கியது 2018-இல். அந்த ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கணவாய்க்கு அப்பால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வரும். அந்த மரங்களுக்குப் பின்னால் மனிதர்களின் கதையும் உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964-இல். அதன்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வு தருவதற்காகவே 1976-இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே பால் வெட்டும் கைகளில் பல, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களின் கைகள். இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு அனுப்பப்பட்ட இடம் இலங்கை. மரமும் மனிதர்களும் இலங்கை வழியாகவே இந்த மலைச்சரிவோடு இணைந்தார்கள்.

சாரல் வருவதும் ஆரியங்காவு கணவாய் வழியாகத்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும்போதே கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. தென்காசி மழைமறைவுப் பகுதி. ஆனாலும் மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் இந்தக் கணவாய் வழியே ஈரக்காற்று ஒழுகி இந்தப் பக்கம் இறங்குகிறது. அருவியில் குளிக்க ஊருக்கு ஊர் கூட்டம் வருவதும், மேசைமேல் அட்டை சுருள்வதும் ஒரே காற்றால்.

முதலில் ரப்பர். பால்வெட்டு விடியலில் நடக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீராவியை வெளியேற்றத் தொடங்கிவிடும். மரத்துக்குள் அழுத்தம் குறையும். பால் ஓட்டமும் குறையும். பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டிலிருந்து சிரட்டையில் சொட்டும் பாலில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். கொஞ்சம் அமிலம் சேர்த்தால் திரிந்து கட்டியாகும். அதைத் தகடாக உருட்டிப் புகையில் உலர்த்துவார்கள்.

அந்தத் தகட்டுக்குள் இருப்பவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். ஐந்து கார்பன் கொண்ட ஒரே கண்ணி பல ஆயிரம் தடவை தொடர்ந்து வரும். இரும்புச் சுருளை இழுத்தால் அணுக்களுக்கிடையேயான பிணைப்புகள் நீள்கின்றன, விட்டால் அவை பழைய நீளத்துக்குத் திரும்புகின்றன. ரப்பர் அப்படியல்ல. அதன் சங்கிலிகள் இயல்பாகவே தாறுமாறாகச் சுருண்டு கிடக்கின்றன. சுருண்டு கிடக்க எண்ணற்ற விதங்கள் உண்டு. நீண்டு நேராக நிற்க மிகச் சில விதங்களே உண்டு. இழுத்துவிட்டால், வெப்பத்தால் இடைவிடாமல் துடிக்கும் சங்கிலிகள் மறுபடியும் அந்த எண்ணற்ற விதங்களில் ஏதோ ஒன்றுக்குள் போய்ச் சேர்கின்றன. ரப்பர் துள்ளித் திரும்புவதற்குக் காரணம் இந்த ஒழுங்கின்மை. முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை மேலுதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள், சூடாகும். இழுத்தபடியே சில நொடி வைத்திருந்து, தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள், குளிரும். ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் 1805-இல் இதைப் பதிவு செய்தார். அவர் சிறு வயதிலேயே கண்பார்வை இழந்தவர். தொட்டறியும் நுட்பமே அவருக்கு ஆய்வுக்கருவியாக இருந்தது. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாது, சுருங்கும் என்பதையும் அவர் கண்டார். மூலக்கூறுச் சங்கிலிகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத காலம் அது.

ஆனால் பச்சை ரப்பரால் ஸ்டாம்ப் செய்ய முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், அழுத்திய வடிவம் மெல்ல நெளிந்துபோகும். சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதே காரணம். சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது இது தீர்ந்தது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கந்தக அணுக்கள் பாலம் போட்டுவிடுகின்றன. அதன்பிறகு ஒரு ரப்பர் துண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வலை. அழுத்தினால் நெளியும், விட்டால் துல்லியமாகப் பழைய வடிவத்துக்கு வரும்.

இதை ஸ்டாம்பாக்க உதவியவர்கள் பல் மருத்துவர்கள். 1860-களில் அமெரிக்காவில் பொய்ப்பல் செட்டுகளின் அடித்தட்டை ரப்பரில்தான் வார்த்தார்கள். அதற்கென அவர்களிடம் சிறிய சூடேற்றும் பாத்திரங்கள் இருந்தன. முதல் ரப்பர் ஸ்டாம்புகள் அப்படிப்பட்ட பாத்திரங்களில்தான் வெந்தன. ஈய எழுத்துகளைக் கோத்து, அவற்றை ஒரு பலகையிலோ சாந்திலோ அழுத்திக் குழிவான அச்சு எடுத்து, அதன்மேல் கந்தகம் கலந்த பச்சை ரப்பரை வைத்து, சூடான அழுத்துப்பொறியில் ஏறக்குறைய 150 டிகிரியில் சில நிமிடம் வைப்பார்கள். குழியெல்லாம் ரப்பர் நிறைந்து, பாலங்கள் விழுந்து, ஸ்டாம்ப் தயாராகிவிடும். அலுவலகங்களின் வட்ட சீலும் நீள சீலும் நெடுங்காலம் இப்படித்தான் வந்தன.

இப்போதைய கடைகளில் வேறு இரண்டு வழிகள். ஒன்று ஒளி. வடிவத்தின் நெகட்டிவ் பிலிமுக்கு மேல் தேன் போன்ற ஒரு பிசினை ஊற்றி, அடியிலிருந்து புறஊதா ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் கழுவினால் போய்விடும். கைவினைக்காரர்கள் வாங்கும் கண்ணாடி போலத் தெளிந்த ஸ்டாம்புகள் இந்த வகை. பெயரளவில் ரப்பர் ஸ்டாம்ப் என்றாலும் அதில் மரத்தின் பால் ஒரு துளியும் இல்லை. எந்த இடத்தில் பதிகிறோம் என்று அதன் வழியாகவே பார்க்கலாம் என்பது பெரிய வசதி. இன்னொரு வழி லேசர். கந்தகப் பாலம் போட்ட ரப்பர் சூட்டில் உருகாது. எரிந்து புகையும் தூளுமாகப் போகும். உருகி வழியாததால்தான் லேசர் செதுக்கிய எழுத்தின் விளிம்பு அவ்வளவு கூர்மையாக நிற்கிறது. ரப்பர் முத்திரைகளுக்கு இந்தப் பக்கம் பெரிய வேலை வந்த நாளும் உண்டு: 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றிருந்த முத்திரைகள் ‘தென்காசி மாவட்டம்’ ஆக வேண்டியிருந்தது. ஒரு மாவட்டம் பிறப்பதில் ரப்பருக்கும் பங்கு உண்டு.

ஸ்டாம்பைப் பதிக்கும்போது புதியவர்கள் எல்லோரும் செய்வது, பலமாக அழுத்துவது. ரப்பரின் இன்னொரு குணம் இங்கே குறுக்கே வரும். ரப்பர் நெளியும், ஆனால் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. மேலிருந்து அழுத்தினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். அழுத்த அழுத்த எழுத்தின் கோடு தடித்து, உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபடும். தமிழ் எழுத்துகளுக்கு இது பெரிய ஆபத்து. ‘ண’வின் சுழிகளும் ‘ழ’வின் உள்வளைவும் மை அடைத்துக் கறுத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு வேறு சிக்கல்: தனித்து நிற்கும் சிறிய மேடு என்பதால் அதன்மேல் விழும் அழுத்தம் மிக அதிகம். கோடெல்லாம் மென்மையாக இருக்க, புள்ளி மட்டும் கொழுத்துத் தெரியும். ‘நல்வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லிலேயே புள்ளி நான்கு இடத்தில் வருகிறதே! நல்ல ஸ்டாம்புகளில் ரப்பருக்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்ச் அடுக்கு இருப்பது இதற்காகத்தான். ஸ்பாஞ்சில் காற்றறைகள் இருப்பதால் அது உண்மையாகவே சுருங்கும். மிகையான அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் இல்லாத ஸ்டாம்ப் என்றால் தாளுக்கு அடியில் நாலைந்து பழைய செய்தித்தாளை மடித்துப் போடுங்கள். ஸ்டாம்பை ஆட்டாமல் நேராக வைத்து, நேராக எடுங்கள்.

எடுக்கும்போது மைப்படலம் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பகுதி தாளோடு போகும். மீதி ரப்பரிலேயே தங்கும். அதனால்தான் மறுபடி மை தொடாமல் பதித்தால் வெளிறிய அச்சு ஒன்று கிடைக்கிறது. மூன்றாவது இன்னும் வெளிறும். தேர்ந்த கைவினைக்காரர்கள் இதையே அழகாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரே கரும்பு ஸ்டாம்பை மூன்று முறை பதித்தால் முன்னே ஒரு கரும்பு, பின்னே ஒன்று, தொலைவில் ஒன்று என்று ஆழம் வந்துவிடும்.

வெறும் தண்ணீரை ரப்பர்மேல் தடவினால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். புதிய தெளிந்த ஸ்டாம்பில் மையும் சில சமயம் அப்படித்தான் திட்டுத்திட்டாக நிற்கும். அழிரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தால் சரியாகும். அந்த நுண்ணிய கீறல்களில் மை பிடித்துக்கொள்ளும். ஸ்டாம்ப் பேடு மையில் தண்ணீரோடு கிளிசரின் போன்ற பொருள்களும் கலந்திருக்கும். மையை ரப்பர்மேல் பரவச் செய்வது ஒரு காரணம். இன்னொரு காரணம், கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பேடு காயாது. குற்றாலத்துச் சாரலில் அதற்கு விருந்து. அச்சு காய நேரமாகும். விரலால் தொட்டால் இழுகும். பங்குனி வெயிலில் பதித்த சில நொடியில் காயும் அதே மைக்கு ஆடி மாதத்தில் அரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

அலுவலக பேடுகளின் அந்த ஊதா நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வில்லியம் பெர்கின் 1856-இல், 18 வயதில், மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. அதைத் தொடர்ந்து வந்த செயற்கைச் சாயங்களில் ஒன்றுதான் மெத்தில் வயலெட். மிகக் கொஞ்சம் போட்டாலே அடர்ந்த நிறம் தரும். தண்ணீரில் எளிதாகக் கரையும். ஆனால் வெயிலில் வெளிறும், ஈரம் பட்டால் பரவும். வாழ்த்து அட்டைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாயம் என்பது தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்து நாருக்குள் இறங்குவது. அப்படி ஒற்றையாக நிற்கும் மூலக்கூறை ஒளி எளிதில் உடைத்துவிடும். நிறமி என்பது கரையாத துகள். நாரின்மேல் படிந்து நிற்கும். ஒரு துகளுக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒன்றையொன்று மறைத்து நிற்பதால் ஒளி மேலோட்டமாகவே தின்ன முடியும். குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்து யோசித்தால் இது விளங்கும். சுவரில் தலைமுறைகளைத் தாண்டி நிற்பவை துகள்கள். பல ஆண்டு வைத்திருக்க வேண்டிய அட்டைக்கு நிறமி மை வாங்குங்கள்.

மை இல்லாத ஸ்டாம்ப் ஒன்றும் இந்த மலைகளில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச்சரிவுகளில் வெள்ளிப் பெரணி வளர்கிறது. அதன் ஓலைக்கு அடியில் மெழுகு போன்ற வெண்பொடி படிந்திருக்கும். ஓலையைப் புறங்கையில் வைத்துத் தட்டி எடுத்தால் சிற்றிலை சிற்றிலையாக வெள்ளை உருவம் அப்படியே பதிந்துவிடும். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்த விளையாட்டு. ஓலையைவிடத் தோலின் ஈரத்தோடு பொடி நன்றாக ஒட்டுகிறது; அதனால் கைமாறுகிறது. ரப்பர் ஸ்டாம்பின் விதியும் இதுவே. ரப்பர் மரத்தைப் போலவே இந்தப் பெரணியும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே வேர்பிடித்தது என்பது எனக்கு இன்னும் வியப்பு. கறுப்பு அட்டை ஒன்றில் லேசாகப் பசை தடவி, பாதி காய்ந்ததும் இதைப் பதித்துப் பாருங்கள். கடையில் வாங்கும் எந்த ஸ்டாம்பும் அதற்கு ஈடாகாது.

பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கிய காய்கறியிலும் ஸ்டாம்ப் உண்டு. குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய் பூவாகப் பதியும். அதன் கொழகொழப்பு மையைத் தள்ளும். நறுக்கியதும் சிறிது நேரம் உலரவிட வேண்டும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் காற்றறைகள் வரிசையாக, கட்டம் கட்டமாக அச்சாகும்.

இனி தாள். தாளில் நார்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பசை அல்ல. செல்லுலோஸ் சங்கிலியெங்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிறு கொக்கிகள் துருத்திக்கொண்டிருக்கும். கூழிலிருந்து தண்ணீர் வடிந்து காயும்போது அடுத்தடுத்த நார்களின் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இதுதான். அதே கொக்கிகளைத் தண்ணீர் மூலக்கூறும் பிடிக்கும் என்பதால் நனைந்த தாள் எளிதில் கிழிகிறது. மழையில் நனைந்த கடிதம் கையோடு பிய்ந்து வருவதும் இதனால்தான். ஒரு கோட்டில் தண்ணீர் தொட்டு, அந்தக் கோட்டோடு மெல்ல இழுத்துக் கிழித்தால் நார் துருத்திய மென்மையான ஓரம் கிடைக்கும். கைத்தயாரிப்புத் தாளின் ஓரம் போலவே இருக்கும்.

நார் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம். தடிமனோ அதில் நூறில் ஒரு பங்குதான். ஈரம் ஏறினால் நார் நீளத்தில் ஒன்றிரண்டு விழுக்காடு மட்டுமே வளரும். அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை உப்பும். ஆலையில் ஓடும் கம்பிவலைமேல் கூழ் பாயும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆலைத்தாளுக்கு ஒரு திசை உண்டு. ஈரக்காற்றில் அது ஒரு பக்கமாக மட்டும் விரிவதும் சுருள்வதும் இதனால்தான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் செய்யப்படும் கைத்தாள் போன்றவற்றில் நார்கள் எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

உங்கள் அட்டையின் திசை தெரிய வேண்டுமா? ஓரத்தில் ஒரு சதுரத் துண்டு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழாய் போலச் சுருளும். குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுவே நார் ஓடும் திசை. வாழ்த்து அட்டையின் மடிப்பு அந்தத் திசையோடு போக வேண்டும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மடிப்போரம் வெள்ளையாகப் பொரிந்து தெரியும். கடையில் வாங்கிய விலையுயர்ந்த அட்டைகளிலேயே இந்தப் பிழையை நிறையப் பார்க்கலாம்.

சரியான திசையிலும் கெட்டி அட்டையை வெறும் கையால் மடிக்கக் கூடாது. எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அளவுகோலை ஒட்டி அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அந்த அழுத்தத்தில் அட்டையின் உள்ளடுக்குகள் அந்தக் கோட்டில் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. ஒரே தடிமன் நான்கு தளர்ந்த அடுக்காகப் பிரிந்தால் விறைப்பு 16-இல் ஒரு பங்காகிவிடும். பள்ளம் வெளியே இருக்கும்படியும், பின்பக்கம் புடைத்த மேடு உள்ளே போகும்படியும் மடியுங்கள். பெரும்பாலானவர்கள் நேர்மாறாக மடிக்கிறார்கள். பிதுங்கும் அடுக்குகளுக்கு உள்பக்கம்தான் இடம் வேண்டும்.

திறந்தவுடன் எழுந்து நிற்கும் பொங்கல் பானை அட்டை, பள்ளிக்கூட இணைகரம்தான். மடித்த அட்டையின் மடிப்புக்குக் குறுக்காக 2 செ.மீ. நீளத்தில் இரண்டு வெட்டு வெட்டி, நடுப்பட்டையை உள்ளே தள்ளினால் ஒரு பெட்டி எழும். பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு பக்கம், நான்கு கீல். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்வரை அது எந்தக் கோணத்திலும் இயங்கும், தட்டையாகவும் மூடும். அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அட்டை மூட மறுக்கும். மூடும்போது அந்தப் பெட்டியின் நுனி மடிப்பிலிருந்து 4 செ.மீ. வரை போகும். பானையை அதில் ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கரும்பின் தோகை உறைக்கு வெளியே நீட்டும்.

ஒட்டுவதில் ஒரு எச்சரிக்கை. மைதாப் பசையில் பெரும்பகுதி தண்ணீர். அட்டையின் ஒரு பக்கம் தடவினால் அந்தப் பக்கத்து நார்கள் உப்பி, அட்டை பசைக்கு எதிர்ப்பக்கமாக வளையும். காய்ந்ததும் அவை முன்பைவிடச் சுருங்கி, வளைவு திரும்பும். பைண்டிங் வேலை செய்கிறவர்கள் எப்போதும் மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டுவது இந்த இழுப்பைச் சமன்படுத்தத்தான். சாரல் காலத்தில் இரட்டைப் பக்க டேப்பே நல்லது.

பொன்னெழுத்து புடைத்து நிற்கும் அட்டைகளைச் செய்ய எம்பாசிங் பவுடர் விற்கிறார்கள். மெல்லக் காயும் மையில் பதித்து, ஈரம் இருக்கும்போதே பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடு காட்டினால் பொடி உருகி ஒன்றாகி மின்னும். தலை உலர்த்தும் டிரையர் உதவாது. சூடு போதாது, காற்று பொடியை ஊதித் தள்ளிவிடும். அட்டையின் பின்பக்கத்தைச் சூடான இஸ்திரிப் பெட்டிக்குச் சற்று மேலே பிடித்தால் உருகும். குற்றாலத்தில் இதைச் செய்தால் பொடி கண்ட இடமெல்லாம் ஒட்டும், ஏனென்றால் தாள் முழுவதுமே லேசாக ஈரம். அட்டையை முதலில் சூட்டில் உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைப் பஞ்சால் மெல்லிதாகத் தடவிவிட்டு, பிறகு பதியுங்கள்.

சிவகாசி அச்சிட்ட பொங்கல் வாழ்த்துகளை வாங்க, மார்கழியில் கடை வாசலில் கூட்டம் நின்ற காலம் ஒன்று இருந்தது. கைப்பேசி வந்து அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கடிதத்துக்கும் குற்றாலத்துக்கும் இருக்கும் உறவு பழையது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1954-இல் மறையும்வரை இங்கே வாழ்ந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவே தொகுக்கப்பட்டன. ஒருவரை நினைத்து உட்கார்ந்து, கையால் ஒன்றைச் செய்து அனுப்புவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கையால் செய்த அட்டை அதே வேலையை எழுதத் தயங்குகிறவர்களுக்கும் எளிதாக்குகிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. ஆகவே 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் உள்ள அட்டை, ஏ4 அளவில் ஏறத்தாழ 19 கிராம். சாதாரணத் தாளில் செய்த உறை 5 கிராம் வரை வரும். சாதாரணக் கடிதத்துக்கான முதல் எடைப்படி 20 கிராம் என்பதால் இது தாண்டிவிடும். ஏ4-ஐப் பாதியாக வெட்டி அதை மடித்தால் அட்டை 9 கிராம் சொச்சம். பானையும் கரும்பும் ஒட்டினாலும் உறையோடு 20-க்குள் அடங்கும். முகவரியைப் பால்பாயிண்டில் எழுதுங்கள். அது எண்ணெய்ப் பசை கொண்ட மை, தபால்காரர் சாரலில் வந்தாலும் கரையாது.

அந்த 9 கிராமில் ஆடி மாதக் குற்றாலத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் வரை தண்ணீர். சாரல் காற்றில் தாள் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு ஈரம் வாங்கி வைத்துக்கொள்ளும். துபாயில் ஏசி ஓடும் அறையில் பேரன் உறையைப் பிரித்தால் அதில் பாதி, அதாவது பத்துச் சொட்டு அளவு, அந்த அறைக் காற்றுக்குப் போய்விடும். நார்கள் மெலியும், அட்டை மறுபடி வளையும், எழும் பானை ஒரு பக்கம் சாயும். இதற்கு வழி உண்டு. வேலை முடிந்ததும் அட்டையை இரண்டு உலர்ந்த செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, அடுப்படியில் வெப்பம் படும் இடத்தில் ஒரு இரவு வையுங்கள். காலையில் எடுத்ததும் உறைக்குள் போட்டு, அந்த உறையை பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போங்கள்.